எள்ளுருண்டை, இடது கால் செருப்பு, ஒரு படிவம்

1964 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. மாதுங்கா, பம்பாய்.

பிற்பகல் 3.00: நானும் என் மனைவியும் மராட்டி வகுப்பின் சங்கராந்தி விழாவுக்குச் சென்றோம்.

3.40: எல்லோருக்கும் எள்ளுருண்டை வழங்கப்பட்டது. என் பங்கை முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன்.

3.55: மனைவி எழுந்து இரண்டு அடிப் பாட்டு ஒன்றைச் சொன்னாள். அதில் என் பெயர் இருந்தது.

3.56: நான் எழுந்தேன்.

3.58: என் கடைவாய்ப் பல்லின் வெள்ளி அடைப்பு பெயர்ந்து விழுந்தது.

4.00: மனைவியை அழைத்துக்கொண்டு வெளியேறினேன். வலது காலில் என் செருப்பு. இடது காலில் வேறொருவருடையது.

ஜனவரி 20, திங்கட்கிழமை காலை 8.00: வகுப்பு ஆசிரியை என் செருப்புடன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

இவையே உண்மைகள். கடைசிப் பதிவில் ஒரு பொருளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எங்கள் குடும்பமும் அதை விட்டுவிட்டுத்தான் இத்தனை காலமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துவருகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் கோபம். சென்ற மாதம் என் மனைவியின் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், அவளுடைய தம்பி வெங்கிட்டு இந்தக் கதையை எடுத்தான். அவனுக்கே எழுபத்தெட்டு வயது.

"அத்திம்பேர் வாயத் திறக்கறார், பல்லு பொலக்னு விழறது. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் மடியிலயே விழுந்துடுத்து. அவ அது முத்துன்னு நெனச்சு எடுத்து வெச்சுண்டாளாம்."

பந்தியே சிரித்தது. விழுந்தது பல் அல்ல, அடைப்பு. விழுந்த இடம் என் கைக்குட்டை. ஆனால் நான் திருத்தவில்லை. நானும் சிரித்தேன். (அந்தச் சிரிப்புக்காக என்னை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் குற்றத்தை ஒப்புக்கொள்வேன்.)

நாங்கள் பம்பாய்க்கு வந்தது 1963 ஜூன் மாதம். கும்பகோணத்திலிருந்து வந்த எங்களுக்கு அது வேறு தேசம். எனக்கு ஓர் அலுவலகத்தில் வேலை, எம்.ஏ. பட்டம், சம்ஸ்கிருதத்தில் தனித் தேர்ச்சி, இவை மூன்றையும்விடப் பெரிதாகத் தலைக்கனம். என் மனைவி ஆசிரியப் பயிற்சி முடித்து ஊரில் இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவள். சயானில் தமிழ்ப் பிரிவு வைத்திருந்த ஒரு பள்ளியில் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஒரே நிபந்தனை: வருகிற ஏப்ரலுக்குள் மராட்டி ஆரம்பத் தேர்வில் அவள் தேற வேண்டும்.

ஆகவே வகுப்பு அவளுடையது. இதை அழுத்திச் சொல்கிறேன். குடும்பக் கதையில் அது என் வகுப்பாகிவிட்டது. நான் வெறும் துணைக்குப் போனவன். துணைக்குப் போனவன் வாசலில் நிற்காமல் உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மராட்டி என்பது வால் நறுக்கிய சம்ஸ்கிருதம், பதினைந்து நாள் போதும் என்பது என் கொள்கை. அந்தப் பதினைந்தாம் நாள் மாதுங்கா மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்காரரிடம் காளிதாசனே மயங்கும்படியான ஒரு வாக்கியத்தில் கத்தரிக்காய் கேட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "சாமி, தமிழ்லயே சொல்லுங்க, நான் திருநெல்வேலிக்காரன்தான்" என்றார்.

அவளோ பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். மாடிப்படியில், குழாயடியில், ரேஷன் வரிசையில் என்று எங்கும் தவறாகவே பேசினாள். மூன்று மாதத்தில் சரியாகப் பேசினாள். அந்தக் கத்தரிக்காய்க்குப் பின் நான் மூன்று மாதத்தில் ஒரு தவறும் செய்யவில்லை, பேசவும் இல்லை.

வகுப்பாசிரியையை எல்லோரும் பாயி என்றுதான் அழைப்போம்; அங்கே ஆசிரியைக்கு அதுதான் மரியாதைச் சொல். நடுவயது, உரத்த குரல், நல்ல மனம். சங்கராந்தியை ஒட்டி வகுப்பறையிலேயே ஒரு விழா வைத்தார். சயான் பள்ளியின் தலைமையாசிரியையையும் அழைத்திருந்தார். அழைத்தது என் மனைவிக்காக. விழா முடிந்ததும் அவளுடைய தேர்வுப் படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டும். மணமான பெண் என்றால் கணவர் கையொப்பத்துக்கு அதில் ஒரு கட்டம் உண்டு. மறுநாள் நண்பகல் கடைசி நேரம்.

முதலில் எள்ளுருண்டை வந்தது. அதைக் கொடுக்கும்போது, இனி இனிமையாகவே பேசவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். (எங்கள் வீட்டில் பிறரிடம் எள்ளைக் கை நீட்டி வாங்கமாட்டோம். எள்ளுக்கு எங்களிடம் வேறு வேலை. சென்ற மாதம் அந்த வேலையையும் செய்தேன்.) வாங்காவிட்டால் மரியாதை இல்லை, கையில் வைத்திருந்தால் மனம் கேட்கவில்லை. ஆகவே சட்டென்று முழுதாக வாய்க்குள் தள்ளினேன். பாகு முற்றிய உருண்டை. மேல் தாடையும் கீழ்த் தாடையும் உடன்படிக்கை செய்துகொண்டன.

அப்போதுதான் "நாவ் கே, நாவ் கே" என்று பெண்கள் ஆரம்பித்தார்கள். பெயரை எடு என்று பொருள். மராட்டிப் பெண்களும் கணவன் பெயரைச் சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் இப்படி விசேஷ நாட்களில், இரண்டு அடிப் பாட்டில் வைத்துச் சொல்வார்கள். சொல்லியே ஆக வேண்டும், விடமாட்டார்கள். கன்னடப் பெண் சொன்னாள், குஜராத்திப் பெண் சொன்னாள். என் மனைவி எழுந்தாள். அவள் ஒரு வாரமாக எதையோ முணுமுணுத்துக்கொண்டு அப்பளம் இட்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாதுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் புத்தம் புதுக் காய்கறி. சுந்தரேசராவ் பெயரை எடுக்கிறேன், எல்லோரும் மகிழுங்கள். இதுதான் அவள் சொன்னதன் பொருள். (காய்கறிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அந்தப் பாட்டின் விதி அது. முதல் அடி எதைப் பற்றியும் இருக்கலாம். இரண்டாவது அடியில் கணவன் வந்துவிட வேண்டும். 'ராவ்' என்பது அவர்கள் கணவன் பெயரோடு சேர்க்கும் மரியாதை.)

கைதட்டல் எழுந்தது. தலைமையாசிரியை சிரித்தபடி பாயியிடம் ஏதோ சொல்லித் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் என் மனைவிக்கு வேலை கிடைத்திருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நாற்பது பேர் நடுவில் என் பெயர் என் மனைவியின் வாயிலிருந்து வந்ததைத்தான் கேட்டேன். மணமாகி ஐந்து ஆண்டுகளில் முதல் முறை. என் முகம் எரிந்தது. தமிழ்க் குடும்பங்களின் பண்பாடு குறித்து அந்தச் சபைக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன்.

அங்கேதான் விபத்து. மனைவி பெயரெடுத்ததும் கணவன் எழுந்தால், பதிலுக்கு அவனும் மனைவியின் பெயரை எடுக்கப்போகிறான் என்று பொருள். இது எனக்குத் தெரியாது. சபைக்கு ஒரே மகிழ்ச்சி.

"பாருங்கள், மதராஸிக் கணவர் தானாகவே எழுந்துவிட்டார்" என்றார் பாயி. எல்லோரும் சேர்ந்து, மரியாதையாக, "நாவ் க்யா, நாவ் க்யா" என்று தாளம் போட்டார்கள்.

பண்பாடு என்று தொடங்கினேன். வெல்லம் 'ப' வரைக்கும்தான் அனுமதித்தது. தாடையைப் பலவந்தமாகப் பிரித்தேன். ஏதோ முறிந்த ஓசை எனக்கு மட்டும் கேட்டது. வாயில் உலோகச் சுவை. கைக்குட்டையில் துப்பினேன்: பாதி உருண்டை, அதன் நடுவில் பதித்ததுபோல் வெள்ளி அடைப்பு. முன் வரிசையிலிருந்த தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். பாதித் தெரு தாண்டியதும் அவள் என் காலைப் பார்த்தாள்.

"ஏன்னா, எடது கால் செருப்பு உங்களோடது இல்லை."

"பேசாம வா."

"ஃபாரத்துல கையெழுத்துப் போடலையே."

"ஆம்படையான் பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு உங்காத்துல சொல்லித் தரலையா?"

"அங்க இருபது பொம்மனாட்டி சொன்னா. ஒருத்தி ஆம்படையானும் விழலை" என்றாள். கொஞ்சம் நடந்தபின், "உங்க அடைப்புதான் விழுந்தது" என்றாள்.

இந்த இடத்தோடு வெங்கிட்டு கதையை முடித்துவிடுவான். மறுநாள் செருப்பு வந்தது என்று ஒரு வரி சேர்ப்பான். நான் முடிக்கவில்லை.

மறுநாள் காலை பாயி மூன்று மாடி ஏறி வந்தார். ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய என் செருப்பு. இன்னொரு கையில் படிவம். அதைத் தேவநாகரியில் என் மனைவியே நிரப்பியிருந்தாள்; ஒரு கட்டம் மட்டும் காலி. நேற்று நடந்ததற்கு வருந்துவதாகவும், உங்கள் வழக்கம் தெரியாமல் செய்துவிட்டோம் என்றும் பாயி எனக்குப் புரியும்படி மெல்ல மெல்லச் சொன்னார். தவறு செய்யாதவர் மன்னிப்புக் கேட்டார்.

சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

செருப்பை வாங்கிக்கொண்டேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். (அந்த வாக்கியத்தை மட்டும் பிழையில்லாத மராட்டியில் சொன்னேன்.) பாயி என்னைப் பார்க்கவில்லை. படிவத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஏப்ரலில் அந்த வேலைக்கு வேறொருவர் வந்தார். அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அதற்கடுத்த வருஷத்தை யாரும் கேட்கவில்லை.

அன்று நான் அலுவலகம் கிளம்புமுன் இலை போட்டுவிட்டு அவள் கூப்பிட்டாள்: "ராவ், சாப்பிட வாங்கோ."

அதன்பின் சாகும்வரை 'ஏன்னா' என்று அவள் என்னை அழைக்கவில்லை. ராவ், காப்பி. ராவ், குடை. பிறந்த பெண்ணும் ராவப்பா என்றாள். உறவெல்லாம் ராவ் என்றது. எவ்வளவு செல்லம் பார் என்று ஊரே மெச்சியது. நான் மறுக்கவில்லை. செல்லப்பெயர் வைத்துக்கொண்டவனை யார் குறுக்கு விசாரணை செய்யப்போகிறார்கள்?

படிவத்தை அவள் கிழிக்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. சமையலறை அலமாரியில் காப்பிப் பொடி டப்பாவுக்குக் கீழே விரித்தாள், எழுத்து மேலே தெரியும்படி. செம்பூர் வீட்டுக்கு மாறியபோது அதுவும் மாறியது. டப்பா பித்தளையிலிருந்து எவர்சில்வரானது, எவர்சில்வரிலிருந்து பிளாஸ்டிக்கானது. நாள்தோறும் இரண்டு வேளை டப்பாவை எடுத்தவன் நான். பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

எனக்கு எண்பத்தாறு முடிந்துவிட்டது. பெயர் சொன்னால் ஆயுள் குறையும் என்றேன். குறையவில்லை.

செய்யாமல் விட்டவை:

1. படிவத்தில் கணவர் கையொப்பம். (கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பொடிக்கறை மட்டும்.)

2. இடது கால் செருப்பின் சொந்தக்காரர் யார் என்று கேட்பது. பாயி வாங்கிக்கொண்டு போனார், நான் கேட்கவில்லை.

3. வெங்கிட்டுவிடம் படிவத்தைக் காட்டுவது. வருஷாப்திகத்துக்கு, அவளுடைய முதல் வருஷத் திதிக்கு, வருவான். அன்று பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில்.

4. பெயரெடுப்பது. அன்று எழுந்து நின்றவன் நான். முறை இன்னும் என்னுடையதுதான். முதல் அடி ஆகிவிட்டது: காப்பிப் பொடி டப்பாவின் கீழே ஒரு பழைய காகிதம். இரண்டாவது அடியில் அவள் வந்துவிட வேண்டும்.