ஈயத்தகடும் ஒரு கையெழுத்தும்

திரையில் சுவர் சிவந்து கிடந்தது. சிவப்பு என்றால், துகள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போகின்றன என்று பொருள்.

ஆஸ்பத்திரிக்கு வரப்போகும் புற்றுநோய் சிகிச்சை மெஷினுக்குக் கதிர்வீச்சுக் கணக்குப் பார்ப்பவள் அவள்தான். எல்லோருக்கும் அவள் கணக்கம்மா. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்ச் சுவரைக் கட்டி, பொய்த் துகள்களைக் கோடிக்கணக்கில் அதன்மேல் எறிந்து, எத்தனை நிற்கின்றன, எத்தனை தப்புகின்றன என்று எண்ணுவாள். நிஜச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் உட்கார இதுவரை ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். சுவரை மெலிதாகக் கட்டச் சொல்லி இடத்தை மிச்சம் பிடித்த புண்ணியவான் அவர்தான்.

"ஒரு ஈயத்தகடு வைங்கம்மா. நின்னுடும்."

"நிக்காது சார். இவ்வளவு வேகத்துல வர்ற துகள் ஈயத்துல மோதினா, இன்னும் நாலைக் கிளப்பி விட்டுடும்."

"எனக்கே பாடமா? வைங்க."

வைத்தாள். சிவப்பு வராந்தாவுக்கு வந்தது.

"இன்னொண்ணு வைங்க."

மாடிப்படிவரை வந்தது.

"குடும்பச் சண்டையில சமாதானம் பேசப் போனவன் கதைதான் சார். ஆள் சேரச் சேர சண்டை பெருசாகும்."

மேனேஜர் யோசித்தார். "எதுக்குக் கோடிக்கணக்குல எறியறீங்க? ஒரு நூறு போதாதா?"

நூறு எறிந்தாள். தப்பித்த ஒரே ஒரு துகள் கார் நிறுத்துமிடம்வரை போய்விட, கம்ப்யூட்டர் அதை நம்பி அந்த இடம் முழுவதையும் சிவப்பாக்கியது. மேனேஜர் ஜன்னல் வழியே தன் காரைப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ கலரை மாத்துங்க. சிவப்பைப் பச்சையாக்கி, கீழே கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"அங்க யாரு உக்காரப் போறான்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதனாலதான் மாட்டேங்கறேன்."

"போடலைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. பேனாவை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"கணக்கு என்னோடது, அது சிவப்புத்தான். பச்சை உங்களோடதுன்னா நீங்களே போடுங்க சார்."

"போட மாட்டேன்னு நெனச்சீங்களா?"

'அறை முற்றிலும் பாதுகாப்பானது, பொறுப்பு என்னுடையது' என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். அட்டெண்டரைக் கூப்பிட்டு, காகிதத்தைப் பெரிய டாக்டரம்மாவிடம் கொடுத்தனுப்பினார்.

அவள் டிபன் பாக்ஸையும் குடையையும் பைக்குள் வைத்தாள். "நான் போறேன் சார். துகள் உங்க கையெழுத்தைப் படிச்சுட்டுத் திரும்பிப் போகாது."

"போங்க, போங்க. நீங்க இல்லைன்னா உலகம் நின்னுடாது."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அட்டெண்டர் திரும்பி வந்தார். வந்தவர் மேனேஜரின் மேஜையை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"டாக்டரம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் சார். கையெழுத்துப் போடறவருக்குத்தான் அந்த ரூம்னு காலையிலேயே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்களாம்; மேஜையைச் சுவரை ஒட்டிப் போடவா, கொஞ்சம் தள்ளிப் போடவா?"