ஆற்றின் இரு கரையும் சரணடைந்த விதம்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் முழு உடம்போடு இருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். "மொழிபெயர்ப்பாளனை எவனும் சுட மாட்டான்டா, தைரியமாப் போ" என்று இந்தப் படையில் என்னைச் சேர்த்துவிட்டீர்கள். இறங்கிய அன்றே என் தொப்பியில் ஓட்டை விழுந்தது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் பிடிக்க வந்த கோளில் ஓர் ஆறு. வடகரைக்கும் தென்கரைக்கும் முந்நூறு வருஷச் சண்டை. பேச்சுவார்த்தையே இல்லாமல் மொழியும் இரண்டாகிவிட்டது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் விண்கலங்கள் நாற்பதும் தலைக்குமேல் வந்து நின்றபோது, இரு தரப்பும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். இடிமுழக்கம் என்று நாங்கள் கூப்பிடும் தளபதிக்குப் பெருத்த அவமானம். "ரெண்டு பேரையும் சரணடையச் சொல்லிட்டு வாய்யா" என்று என்னை அனுப்பினார்.

வடகரைத் தலைவி பதுங்குகுழியில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார். "சரண்தானே? அடைஞ்சுட்டாப் போச்சு. முதல்ல அவன் அடையட்டும்" என்றார் இருமிக்கொண்டே. தென்கரைக்குப் போனால் அங்கே ஒற்றைக்காதுத் தலைவர், "அந்தம்மா அடையட்டும், அடுத்த நிமிஷம் நான்" என்கிறார். இப்படியே பதினோரு தடவை போனேன், வந்தேன், துடுப்புப் போட்டுப் போட்டுக் கையெல்லாம் கொப்புளம், நான் ஆற்றில் இருக்கும்வரை மட்டும் இரண்டு பக்கமும் சுட மாட்டார்கள், கரையேறினால் மறுபடி ஆரம்பம், அதனால வேணும்னே மெதுவாத் துடுப்புப் போட்டேன் அத்தான், அந்த அரைமணி நேரத்துல ரெண்டு கரையிலயும் ஆளுங்க வெளியே வந்து துணி துவைக்கிறதைப் பார்த்தேன், அப்புறம் வேகமாப் போக மனசே வரலை.

பன்னிரண்டாவது தடவை தென்கரைத் தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு? காத்து இந்தப் பக்கம் அடிச்சா இங்க வரைக்கும் கேக்குது." ஒரு மருந்துப் புட்டியும் கொடுத்தனுப்பினார்.

"விஷமா இருக்கும்" என்றார் தலைவியின் உதவியாளர்.

"இருந்தா இருக்கட்டும்" என்று தலைவி ஒரு மடக்குக் குடித்தார். புட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவன் காது போனது நான் சுட்டதுல. இன்னும் வலிக்குதான்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்டு வந்தேன். அன்று மாலை யாரும் சுடவில்லை.

மறுநாள் நடு ஆற்றில், என் படகில் உட்கார்ந்து, இருவரும் ஒரே நேரத்தில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். இடிமுழக்கம் தனக்குத்தானே பதக்கம் குத்திக்கொண்டார். கோள் எங்களுடையது; படை இங்கேயே தங்கும். என் வேலை முடிந்ததால் அடுத்த கலத்தில் வீடு வருகிறேன். இனி எந்தப் படைக்கும் போக மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும் என்று விரும்பும்,
உங்கள் சொல் தட்டாத மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்னொரு செய்தி. இன்று காலை இரு கரைக்காரர்களும் ஒன்றாக வந்து எங்கள் முகாமைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பக்கத்து முந்நூறு வருஷ அனுபவமும் ஒன்று சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று இடிமுழக்கத்துக்கு இப்போது தெரியும். நாற்பது கலங்களும் நாளை கிளம்புகின்றன. "நீங்க மட்டும் இருங்க, நாங்க பேசிக்க வேண்டியது நிறைய இருக்கு" என்றார் தலைவி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் நான் இன்னும் பெட்டி கட்டவில்லை. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.