கொட்டை எழுத்தில் ஒரு விருந்து

சொந்தமாக ஓர் எழுத்துரு வரைந்தவர்கள் சாலையில் நேராக நடப்பதில்லை. பெயர்ப்பலகைகளை அண்ணாந்து பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே போய் யார் மீதாவது மோதுவார்கள். முதல் எழுத்துருவை முடித்த புதிதில் நான் மயிலாப்பூரில் பாதிப் பேர் மீது மோதியிருக்கிறேன்.

அதற்குத் 'திருக்கை' என்று பெயர் வைத்தேன். (மீன்காரக் குடும்பம், வேறென்ன தோன்றும்?) உடம்பு பட்டையாகவும் வால் மெல்லிசாகவும் இருக்கும் அந்த மீனைப் போலவே, தடித்த கோடெல்லாம் தூண் மாதிரி, மெலிந்த கோடெல்லாம் மயிரிழை. தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் மட்டுமேயான எழுத்து. திரையில் அதைப் பார்த்து எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயம்தான், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுவந்த என் அக்கா ஸ்டெல்லா, மந்தைவெளியில் மீன் சாப்பாட்டுக் கடை திறந்தாள். "பேனர் நீதான் போடணும். பஸ்ல போறவன் கண்ண குத்தணும்" என்றாள். விடுவேனா? நடுவில் கைகூப்பிச் சிரிக்கும் அக்காவின் படம். மேலே ராட்சத அளவில் 'விருந்து'. கீழே 'குடும்பத்தோடு வாங்க'.

திறப்பு நாள், ஞாயிறு காலை. பேனரைக் கட்டிவிட்டு, ரசிப்பதற்காக எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பினேன். 'வி'யின் தலையில் நான் நளினமாக வரைந்திருந்த கொக்கி வெயிலில் காணாமல் போயிருந்தது.

'வருந்து. குடும்பத்தோடு வாங்க.' நடுவில் கைகூப்பிய அக்கா. ('கண்ணீர் அஞ்சலி' என்று போடாததுதான் குறை.)

ஓர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் பேனரைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னாம்மா இது, நம்ம ஸ்டெல்லாக்காவா? நேத்து கூட நல்லா பேசிக்கினு இருந்துச்சே!"

நான் வாயைத் திறப்பதற்குள் மீன் மார்க்கெட்டுக்குப் போன் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் மார்க்கெட்டே மாலைகளோடு வந்து இறங்கியது. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கூட்டமும் பின்னால் சேர்ந்துகொண்டது. பெண்கள் ஒப்பாரிக்கு மூச்சை இழுத்த நேரத்தில், கரண்டியும் கையுமாக அக்கா வெளியே வந்தாள்.

"இன்னாங்கடி, துன்றதுக்கு மாலையோட வந்துகிறீங்க?"

தெருவே வெடித்துச் சிரித்ததில் பஸ்ஸே நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா பேனரை அண்ணாந்து படித்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். நான் ஓடத் தயாரானேன். அவளோ ஒரு மாலையைப் பிடுங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, "வந்தது வந்துட்டீங்க, உக்காந்து துன்னுட்டுப் போங்க. எந்தச் சாவு வூட்லயும் வஞ்சிரம் போட மாட்டான்!" என்றாள்.

மதியத்துக்குள் வஞ்சிரம் தீர்ந்தது. குழம்புச் சட்டியையும் வழித்தாகிவிட்டது. அந்த ஆட்டோக்காரர் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, இன்னும் வராதவர்களைப் போனில் திட்டிக்கொண்டிருந்தார்.

கொக்கியை உடனே தடிக்க வைத்தேன். இன்று தி.நகர், அடையாறு என்று எத்தனையோ சுவரொட்டிகளில் திருக்கை நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. அக்காவுக்கும் திருத்திய பேனர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மாட்ட விடவில்லை. "போடி, அத்த மாத்துனா எவன் நின்னு பாப்பான்?"

கடைக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. இப்போது எங்களுக்கே அது மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் தெருவில் ஒரே குரல்தான்:

"இன்னா நைனா, வருந்தப் போலாமா?"