பனியனுக்கு மேலா, அடியிலா?

“பனியனுக்கு மேல வச்சா ஓரம் தெரியுது. சுவத்துல தட்டின வரட்டி மாதிரி,” என்றாள் தையல்நாயகி.

மார்பில் மடித்து வைத்த துணியோடு முருகையன் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டான். விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் அவன் குமாஸ்தா. ரயில்வே ஊழியர் ஆண்டு விழா நாடகத்தில் இந்த வருஷம் அவன்தான் கதாநாயகி. பதினோரு வருஷம் கதாநாயகியாக நடித்த வேங்கடேசன் புஷ்டியான ஆள். விருத்தாசலத்துக்கு மாற்றலாகிப் போனவர் ரவிக்கையை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதை நிரப்பும் உடம்பு முருகையனுக்கு வாய்க்கவில்லை.

“அடியில வச்சா அரிக்குமே தையலு.”

“ஒல்லி ஒடம்புக்கு அடியிலதாங்க வைக்கணும். நடுவுல மொத்தமா, ஓரத்துல மெல்லிசா தச்சி, மேல இறுக்கமா பனியன போட்டுட்டா எங்க முடியுதுன்னே தெரியாது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நாலு தெருவுக்கு ரவிக்கை தைக்கிறவ நான். எது நெசம், எது பஞ்சுன்னு எனக்குத் தெரியாதா?”

ஆசைப்பட்டு அவன் இந்த வேஷத்தை ஏற்கவில்லை. திண்டிவனத்தில் மாமனார் தனியாகப் பொங்கித் தின்கிறார். போன மாதம் கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தையல்நாயகிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தான். “நாடகம் நடக்கட்டும், பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தார் பெரிய ஆபீசர். அவர் வீட்டம்மாள் முகம் மலர்ந்தால்தான் அவர் பேனா திறக்கும் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி.

இலவம் பஞ்சு வைத்து தையல்நாயகி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள். அன்று ஒத்திகையில் முருகையன் கையைத் தூக்கி அழுததும் பஞ்சும் கூடவே கிளம்பி மேலே வந்தது.

“இன்னும் கொஞ்சம் தூக்குப்பா, கம்மல் மாட்டிக்கலாம்,” என்றார் டிக்கெட் கலெக்டர் சீனுவாசன். அவர்தான் நாடகத்துக்கு வாத்தியார், கதாநாயகனும் அவரே.

“பனியன் தொளதொளன்னு இருக்குது. சின்ன சைசா வாங்கியாங்க,” என்றாள் தையல்நாயகி, அவன் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டு.

முருகையனுக்கு வேறு யோசனை தோன்றியது. பஞ்சுக்குக் கனம் போதவில்லை, அதுதானே கோளாறு? கூட்ஸ் ஷெட்டில் கனத்துக்கா பஞ்சம்? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை சீசன். தரையெல்லாம் சிந்திக் கிடந்ததில் உடைத்த பருப்பாகப் பொறுக்கி, தையலைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு பிடி போட்டு, கோணி ஊசியால் மூட்டை தைப்பதுபோல் தைத்துவிட்டான். பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை.

பஞ்சு கிளம்பவில்லை. ஆனால் பருப்பு உறுத்தி இடது பக்கம் வேர்க்குருவாகப் பொரிந்துவிட்டது. நாடகத்தன்று வேஷம் கட்டும்போது வலதை மட்டும் பனியனுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடதை மேலே வைத்துக்கொண்டான்.

சீனுவாசன் அவனைச் சுற்றிவந்து பார்த்தார். “என்னப்பா இது? ஒரு கைகாட்டி ஏறிக்கினு இருக்குது, ஒரு கைகாட்டி எறங்கிக்கினு இருக்குது. எந்த வண்டி வருது?”

“முந்தானைய இழுத்து மூடிக்கிறேங்க.”

“ஜல்தி மூடு. பெல் அடிச்சாச்சு.”

முதல் வரிசையில் பெரிய ஆபீசர். பக்கத்தில் அவர் வீட்டம்மாள், கனமான பட்டுப்புடவையில் கொத்தவரங்காயாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஏழு வருஷம் கழித்து சிங்கப்பூரிலிருந்து கணவன் திரும்பி வரும் கட்டம். சீனுவாசன் ஓடிவந்து ஆவேசமாகக் கட்டிப் பிடித்தார். இடது பக்கம் ‘சர்’ரென்று ஒரு சத்தம் கேட்டது.

முதலில் ஒரு மல்லாட்டைப் பருப்பு விழுந்து உருண்டது. பிறகு நாலு. பிறகு மொத்தமும் கொட்டியது.

“கண்ணே, என்ன இது?” என்றார் சீனுவாசன், நாடகத்தில் இல்லாத வசனமாக.

“விதைக்கு வச்சிருந்தேன், நாதா!” என்று கதறினான் முருகையன்.

கொட்டகை அதிர்ந்தது. காலடிக்கு உருண்டுவந்த ஒன்றை ஸ்டேஷன் மாஸ்டர் ஊதி வாயில் போட்டுக்கொண்டார். ஆபீசர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கடைசித் திரை விழும்வரை முருகையனின் மார்பையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போச்சு தையலு, எல்லாம் போச்சு,” என்றான் மறுநாள் காலையில். “அந்தம்மா பார்த்த பார்வைக்கு வேலையே இருக்காது.”

“நான் சொன்னாப்பல ரெண்டையும் அடியில வச்சிருந்தா இந்தப் பேஜாரு உண்டா? எங்கப்பா இன்னும் எத்தினி நாளைக்கு வெந்ததும் வேகாததுமா தின்னுக்கினு கெடப்பாரு?” அவள் அழுதேவிட்டாள்.

வாசலில் நிழல் ஆடியது. ஆபீசர் பங்களா ஆயா லூர்துமேரி நின்றிருந்தாள். முருகையன் எழுந்து கும்பிட்டான்.

“அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்களா?”

“ராத்திரி பூரா தூங்கலைங்க. பொழுது விடிஞ்சதும் என்னைத் தொரத்திட்டாங்க. அதைத் தச்சது யாரு?”

“தச்சது நாந்தாங்க. கோணி ஊசி போட்டது இவரு,” என்றாள் தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

லூர்துமேரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா நேத்தே சிரிச்சிக்கினு திண்டிவனம் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டாரும்மா, அம்மாதான் காலைல அதைக் கிழிச்சிப் போட்டுட்டாங்க, டேப்ப எடுத்துக்கினு ஜல்தி வா, கடைசி வரைக்கும் அசையாம நின்னுச்சே வலது பக்கம், அதே மாதிரி ரெண்டு வேணுமாம், தைக்கிற கை ஊர விட்டுப் போவக் கூடாதாம், மல்லாட்டை மட்டும் வேணாம்னாங்க!”