மாமனாரை நாலடி உயர்த்திய கதை

எந்தப் பொருள் வாங்கினாலும் அதனோடு வரும் விளக்கப் புத்தகத்தை நான் படிப்பதில்லை. மிக்சிக்குப் படித்ததில்லை, வாஷிங் மெஷினுக்கும் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற வாத்தியார் நான். படிப்பது பிள்ளைகள் வேலை, நமக்கெதற்கு என்று ஒரு திமிர். அந்தத் திமிர் நாலு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுக் கார் ஷெட்டில் இறங்கியது. சரியாகச் சொன்னால், ஏறியது.

தூக்கியது கார் லிப்ட். காரை அதன் மேல் ஓட்டி நிறுத்தி, பிளக்கைச் சொருகி, பொத்தானை அமுக்கினால் எண்ணெய் அழுத்தத்தில் காரை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கும். வேலை முடிந்ததும் சக்கரம் வைத்த அதே லிப்டைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக வைத்துவிடலாம். இந்த நீரியல் தூக்கியைப் பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு நடத்தி வந்தவனுக்கு, இணையத்தில் அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா?

(“நமக்கிருக்கறது ஒரே ஒரு பழைய கார். அதுக்கு எதுக்குங்க இது?” என்று என் மனைவி சுமதி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குள் நான் பணம் கட்டிவிட்டிருந்தேன்.)

அன்றைக்கு என் கொழுந்தியாள் பவித்ராவைப் பெண் பார்க்கப் பொம்மிடியிலிருந்து வருகிறார்கள். பாலக்கோடு பக்கம் மாமனார் வீட்டுத் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால், பெண் பார்ப்பதைத் தருமபுரியில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். மாமனார் தக்காளி விவசாயி. தொண்ணூறு கிலோ. முட்டி தேய்ந்து, படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையிலேயே மாமியாரையும் பவித்ராவையும் அழைத்துக்கொண்டு தன் காரில் வந்து சேர்ந்தார்.

“மாப்ள, வளைவுல திரும்பும்போது கீழ டொக்கு டொக்குனு ஒரு சத்தம் வருதுங்க. மெக்கானிக்குக்கே தெரியல” என்றார்.

இதற்காகத்தானே நான் பிறந்திருக்கிறேன்?

“பத்து நிமிஷம் மாமா. நீங்க உள்ளயே உக்காந்து ஸ்டியரிங்கை மட்டும் திருப்புங்க. நான் கீழ இருந்து பாக்கறேன்.”

(காருக்குள் ஆளை வைத்துத் தூக்கக் கூடாது என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே படம் போட்டிருக்கிறது. பிறகு பார்த்தேன். படத்திலிருக்கும் ஆளுக்குக்கூட மாமனார் சாயல்தான்.)

பொத்தானை அமுக்கினேன். கார் எழும்பியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாமனார் தேரில் போகிற சாமி மாதிரி மெல்ல மேலே போனார். நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, காரைப் பாதுகாப்புப் பூட்டில் உட்கார வைத்தேன். மணி ஒன்பது. மோட்டாரின் சிறிய விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் மிக்சியும் நின்றது.

சமையலறையிலிருந்து சுமதி குரல் கொடுத்தாள். “நேத்தே சொன்னனே, இன்னிக்கு மாசாந்திர கரண்டு கட்டு, அஞ்சு மணி வரைக்கும் வராதுன்னு. நீங்களும் ம்னு சொன்னீங்களே!”

சொல்லியிருக்கிறேன். நான் எல்லாவற்றுக்கும் ‘ம்’ சொல்கிறவன்.

லிப்டைக் கீழே இறக்க, முதலில் ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும். தூக்க மின்சாரம் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் சொருகிப் பார்த்தேன். அது ‘கீ’ என்று ஒருமுறை அலறிவிட்டு, வீட்டிலிருந்த மின்விசிறிகளையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாமியானா கடைக்காரரிடம் ஜெனரேட்டர் கேட்டேன். முகூர்த்த நாள், கல்யாணத்துக்குப் போயிருந்தது. லிப்ட் விற்றவர்களைப் போனில் கூப்பிட்டேன்.

“உள்ள ஆள் யாராச்சும் இருக்காங்களா சார்?” என்றது ஒரு பெண் குரல்.

“சேச்சே, யாரும் இல்லீங்க.”

“யாருகிட்ட மாப்ள பேசறீங்க?” என்று மேலிருந்து கேட்டது.

“அது யார் சார்?”

“ரேடியோங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏணி கொண்டுவந்து சாத்தினேன். மாமனார் அதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“டாக்டர் ஏறத்தானே மாமா வேணாம்னாரு?”

“எறங்கறதுக்கும் அதே முட்டிதான் மாப்ள.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அதற்கும் அவர் ஒப்பவில்லை. “பொண்ணு பாக்க வர்ற நேரத்துல வூட்டுப் பெரியவனை நாலு பேர் தூக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார். மாமியார் காப்பி நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டினார். அஞ்சு மணி வரைக்கும் என்பதை அவர் மட்டும்தான் எல்லாக் கோணத்திலும் யோசித்திருந்தார்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா, கண்டிப்பான முகத்தோடு அம்மா, ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் பையன். ஷெட்டைத் தாண்டித்தான் வாசல். மேலே ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் கும்பிட்டன.

“வாங்க, வாங்க! தப்பா நெனச்சுக்காதீங்க. பெரிய மாப்ள வண்டி பாத்துக்கிட்டிருக்காரு.”

பையனின் அப்பா நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, “இது உங்க பக்கத்து மொறைங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பவித்ராவிடம், “உங்க மாமா எப்பவும் இப்படித்தானாம்மா?” என்றார்.

“எப்பவுமே இப்படித்தாங்க” என்றாள் பவித்ரா. (உண்மை பேசுகிற பெண் என்று அவருக்கு அப்போதே பிடித்துவிட்டதாம்.)

வேறு வழியில்லாமல் நாற்காலிகளை ஷெட்டில் போட்டோம். பத்து நிமிடம் மேலும் கீழுமாகப் பேச்சு நடந்தது. பையனின் அப்பா கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். “அண்ணாந்து பேசுனா கழுத்து புடிச்சுக்குதுங்க” என்று சொல்லி, ஏணியில் விறுவிறுவென்று ஏறி, முன்சீட்டில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் பூட்டை இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடம் நடத்திய பாடத்தில் சம்பந்தம் பேசும் எடைக்கு ஒரு வரிகூட இல்லை.

கேசரித் தட்டோடும் போண்டாத் தட்டோடும் நான் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இதற்குள், பையனும் பெண்ணும் தனியாக ரெண்டு வார்த்தை பேசட்டும் என்றார்கள். பையன் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று காருக்கு அடியில் குனிந்து போனான். பவித்ரா டார்ச் பிடிக்கப் போனாள். எண்ணெய் வாடைக்கு நடுவில் அவன் மெதுவாகக் கேட்டது எங்களுக்கும் விழுந்தது.

“உங்க அப்பா கோவக்காரருங்களா?”

“கீழ எறங்கினாத்தாங்க தெரியும்.”

“எனக்கு எல்லாம் கேக்குதும்மா” என்றார் மேலிருந்து அப்பா.

அப்போதுதான் மேலே ஒரு ஆரவாரம். பையனின் அப்பா காலை நீட்டி உட்காரப் போய், சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினார்.

“சம்பந்தி! உங்க டொக்கு டொக்கு இதுதாங்க. தேங்கா!”

எப்போதோ கோயிலுக்குப் போனபோது பையிலிருந்து நழுவிய தேங்காய். வளைவில் திரும்பும்போதெல்லாம் உருண்டிருக்கிறது.

“தேங்காயா? அப்ப ஸ்டியரிங்ல ஒண்ணுமே இல்லையா?” என்று நான் கத்தினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மாமியார் கையில் தட்டோடு அப்படியே நின்றார். சுமதி என் கையைக் கிள்ளி, “சம்பந்தின்னுட்டாருங்க” என்றாள். காருக்கு அடியில் டார்ச் அணைந்தது. அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்து, “அவர் வாயிலயே வந்துருச்சு. அப்பறம் என்ன?” என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் கீழே வரச் சொன்னோம். புதுச் சம்பந்தி மறுத்துவிட்டார். “அவரைத் தனியா உட்டுட்டு நான் எப்படிங்க எறங்கறது?” சாப்பாடும் மேலேதான் போனது. பிறகு சீட்டைச் சாய்த்து இருவரும் தூங்கினார்கள். குறட்டையில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

நாலே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. இறக்குவதற்கு முன் லேசாகத் தூக்க வேண்டும் என்பதை அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். தூக்கம் கலைந்த இருவரும், “ஐயோ, இன்னும் மேல போவுதே!” என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கார் தரையைத் தொட்டதும் மாமனார் கதவைத் திறந்தார். முட்டி தேய்ந்ததையும் மறந்து, வீட்டுக்குள் ஓடி பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படியொரு சாந்தம். “நாள் பாத்துரலாமுங்க” என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வினை அதற்குப் பிறகு வந்தது. ஓசூரில் யாரோ, சம்பந்தம் எப்படி அமைந்தது என்று கேட்டதற்கு, பவித்ராவின் வீட்டுக்காரர் யோசிக்காமல், “எங்கப்பாவும் மாமனாரும் மேல போனப்பறம்தாங்க முடிவாச்சு” என்று சொல்லியிருக்கிறார். அவருடைய சூப்பர்வைசர் கண்கலங்கித் தோளைத் தட்டி, “ரெண்டு பேருமா?” என்றாராம்.

“ஆமாங்க. ஒரே வண்டியில.”

அடுத்த மாதம் அவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சும் விசேஷத்துக்கு வந்த சூப்பர்வைசருக்கு, பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயசம் கேட்டவர்கள் யாரென்று தெரிந்ததும் புரையேறியது; தண்ணீர் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதிலும், “பெரியவங்கல்லாம் எங்க?” என்று யாராவது கேட்டால் எல்லோரும் முதலில் என்னைப் பார்க்கிறார்கள். பிறகு அண்ணாந்து பார்க்கிறார்கள்.