அகச்சிவப்பு அடியார்

கண்முன் இருப்பதைக் காண்போர் ஒரு வகை. கண்முன் இருப்பதையும் காணாதோர் மற்றொரு வகை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகையினர் அண்மையில் பெருகிவருகின்றனர். கண்ணுக்குத் தெரியாத ஒளியை மட்டுமே படமெடுப்பது என்று நோன்பு பூண்டவர்கள் இவர்கள். அகச்சிவப்பு அடியார் என்று அழைப்போம்.

கேமராவின் உள்ளே, ஒளியை வாங்கும் சென்சாருக்கு முன்னால், தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி உண்டு. அகச்சிவப்பு ஒளியைத் தடுத்து, இலையைப் பச்சையாகவும் வானத்தை நீலமாகவும் காட்டுவது அதன் திருத்தொண்டு. அடியார் செய்யும் முதற் பணி, காசு கொடுத்து அக்கண்ணாடியைப் பெயர்த்தெடுப்பது. ஆணவமலம் நீங்கிய உயிர்போல் கேமரா இனி அனைத்தையும் காணும் என்பது அவர் துணிபு. முகப்பில் கருஞ்சிவப்பு வடிகட்டியை மாட்டினால் இலை வெள்ளையாகும். கழற்றினால் உலகமே ரோஜா நிறமாகும். பழைய பச்சை மட்டும் இரண்டிலும் வராது.

பிறர் வெயில் தாழ்ந்தபின் படமெடுப்பார்கள். இவரோ உச்சிவெயிலில் தொப்பியுடன் புறப்பட்டு, நடைபாதையோரப் புல்லின்முன் மண்டியிட்டு, அந்தப் புல்தான் வெள்ளை என்று கேமராவுக்குப் பொய் கற்பித்து, எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒரு மரத்தைப் படமெடுத்து, படத்தில் சிவந்து நிற்கும் வானத்தைக் கணினியில் ஏற்றி, சிவப்பை நீலத்தின் இடத்திலும் நீலத்தைச் சிவப்பின் இடத்திலும் மாற்றி அமர்த்தி, இரண்டு வேளை உணவை மறந்து, முடிவில் நீலவானம் ஒன்றைப் படைத்துக் காட்டுவார். வானம் முன்பே நீலந்தானே என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களோடு அவர் பேசுவதில்லை.

நான் அறிந்த அடியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்கர். அவர் மனைவியார் வீட்டின் பக்கவாட்டில் தொட்டிச்செடிகள் வளர்த்து விற்பவர். புதிதாகத் திறக்கவிருந்த தங்கும் விடுதியொன்று தன் தோட்டம் முழுவதற்கும் செடி கேட்டிருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் பக்கத்து மனையையும் குத்தகைக்கு எடுத்து, நிழல்வலை கட்டி, தொழிலை விரிக்கலாம். அன்று மாலைக்குள் விடுதி மேலாளருக்குப் படங்கள் போயாக வேண்டும்.

"என்னங்க, கேமரா எங்க?"

"சும்மாதானே கிடந்துச்சு. கண்ணாடிய எடுக்கக் கொடுத்தேன். காலையிலதான் வந்துச்சு. இப்ப அது வேற பிறவி."

"சும்மாவா? போன வாரங்கூடச் செம்பருத்திய எடுத்தேனே."

"வாரத்துல ஒரு நாள். மத்த நாள் சும்மாதானே?"

"சரி விடுங்க. போன்லயே எடுத்துக்கிறேன்."

"போன் படத்தையெல்லாம் ஒரு மேனேஜர் மதிப்பாரா? நானே எடுத்து அனுப்புறேன். நீ போய்த் தண்ணி ஊத்து."

எடுத்தார். அனுப்பினார். மனைவியிடம் காட்டினாரா? கலையை முன்கூட்டிக் காட்டுவது மரபன்று.

மாலையில் மேலாளரே அழைத்தார்.

"மேடம், நல்ல செடியா இருக்கும்னு நம்பிக் கேட்டேன். ஒண்ணு விடாம வெளுத்துப் போயிருக்கே. உப்புத்தண்ணியா, இல்ல மருந்து ஏதும் தப்பா அடிச்சிட்டீங்களா?"

"இல்ல சார், எல்லாம் பச்சப்பசேல்னுதான் இருக்கு. வேணும்னா ஒரு நடை நேர்ல வந்து..."

அடியாருக்குப் பொறுக்கவில்லை. கைபேசியைப் பிடுங்கினார். "சார், நல்லா வளர்ந்த இலைதான் இப்படி வெள்ளையா வரும். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு ஆரோக்கியம்."



"அப்படிங்களா. உங்க செடி ரொம்பத்தான் ஆரோக்கியமா இருக்கு சார். எங்களுக்குச் சுமாரான பச்சைச் செடியே போதும்."

ஆர்டர் வேறொரு தோட்டத்துக்குப் போயிற்று. பக்கத்து மனையில் இன்றும் முள்தான் வளர்கிறது.

அடியார் மனம் வருந்தினாரா என்கிறீர்களா? வருந்தினார், உலகத்தாரின் ரசனையை எண்ணி. பின்பு பரிகாரமும் தேடினார். மறுவாரமே ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி, கேமராவின் முகப்பில் திருகினார். அதன் பணி யாது? அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது. ஆம், உள்ளேயிருந்து காசு கொடுத்து அகற்றிய கண்ணாடியின் உடன்பிறப்பைக் காசு கொடுத்து வெளியே மாட்டினார். மாட்டிவிட்டு மனைவியைக் கூவி அழைத்தார்.

"இங்க வந்து பாரேன். இலை எப்படிப் பச்சையா வந்திருக்கு."

அம்மையார் கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கவில்லை. "நான் தினம் பாக்குற பச்சைதானே?"

"இல்லம்மா. இது மாத்தின கேமராவுல எடுத்த பச்சை."

"அந்த மேனேஜர் நம்பர் உங்ககிட்டத்தானே இருக்கு? அவருக்கு அனுப்புங்க. பூரிச்சுப் போவாரு."

அடியார் உண்மையாகவே அனுப்பிவைத்தார். மறுமொழி இன்னும் வரவில்லை.

சிரிக்கிறீர்கள், வாசகரே. நன்று. ஆயினும், இலை வெள்ளையாகும் என்று மேலே படித்த கணத்தில் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வந்ததா, இல்லையா? அங்கே ஒரு கேமரா சும்மாதானே கிடக்கிறது என்று நெஞ்சின் ஓரத்தில் ஒரு குரல் எழுந்ததா, இல்லையா? அதை இறக்கும்முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அது சும்மாதான் கிடக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள்.

கேட்க மனம் வரவில்லையா? வணக்கம், அடியாரே.