ஆட்டோ மைக்கில் போன என் கேக் விளம்பரம்

நான் செத்துப்போன அன்றைக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேர் கேக் வாங்க வந்திருந்தால், இன்றைக்கு உத்திரமேரூரில் எனக்கு ஒரு பேக்கரி இருந்திருக்கும். (பதறாதீர்கள், உயிரோடுதான் இருக்கிறேன். அன்றைய பிரச்சினையே அதுதான்.)

அப்போது வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். போனில் என் பேஜைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் எதைப் போட்டாலும் அந்தப் பாழாய்ப்போன பேஜ் அவர்களுக்குக் காட்டாது. "இன்னா ஜெயந்தி, கேக் வுட்டுட்டியா? ஒண்ணுமே போடமாட்டன்ற?" என்று அவர்களே மார்க்கெட்டில் கேட்பார்கள். காலையில்தான் போட்டிருப்பேன்! ஆடினேன், பாடினேன், கேக்குக்குப் பொட்டு வைத்துக்கூடப் படம் பிடித்தேன். பார்த்தது நானும் என் வீட்டுக்காரரும். அவரும் என் தொல்லை தாங்காமல்.

புத்தாண்டு வந்தது. "இந்த வாட்டியும் போகலன்னா ஓவன வித்துட்டு, பழையபடி தையல் மிஷின்ல உக்காரு" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நானும் ஒரு வீம்பில் வீடு நிறைய பிளம் கேக் செய்து அடுக்கினேன். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்தால் குடும்பமே நடுங்கும்.) ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்யும் முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பேஜ்ல போடறது யாருக்கும் தெரியலண்ணா. கேக் கீதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாங்க."

"நீ கவலப்படாத மா. நம்ம கொரலுக்கு ஊரே ஓடியாரும்."

ஓடித்தான் வந்தது. சுற்றுவட்டாரத்துச் சாவு அறிவிப்பெல்லாம் அவர் குரலில்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவருக்கு வேறு ராகமும் தெரியாது. "உத்திரமேரூர்... குமார் அவர்களின் மனைவியும்... சாலவாக்கம் ராணி அவர்களின் அண்ணியுமான... ஜெயந்தி அவர்கள்..." என்று இழுத்து முடிப்பதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கேக் என்ற சொல் யார் காதிலும் விழவில்லை.

மதியம் வாசலில் கூட்டம். விளம்பரம் வேலை செய்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு ஓடினேன். என் நாத்தனார் ராணி தலைவிரிகோலமாக, ரோஜா மாலையோடு அழுதுகொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அடிப்பாவி அண்ணி! உயிரோடவா கீற?"

"கீறேன் ராணி. கேக் சாப்புடறியா?"

மாலையாலேயே அடித்தாள்.

சரி, வந்தவர்களுக்காவது விற்போம் என்று கேக்கை நீட்டினேன். எல்லோரும் பின்வாங்கினார்கள். "சாவுக்குன்னு கெளம்பி வந்துட்டோம் மா. வூட்டுக்குப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்காம எதயும் வாயில வெக்கக்கூடாது." போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து போகிற முறைப்படியே போனார்கள். ஒரு துண்டுகூட விற்கவில்லை.

ஓவன் போய்விட்டது. மறுபடி தையல் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு எவரோ என் படத்துக்கு மாலை போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று என் பேஜையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். என் கேக் எதற்கும் விழாத லைக்கெல்லாம் அதற்கு விழுந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இப்போதும் தைத்த ரவிக்கையைப் படம் எடுத்துப் பேஜில் போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று போனையே முறைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்:

"இன்னொரு வாட்டி செத்துத்தான் பாரேன்."